நூத்துக்கு மாசம் எவ்ளோ? மளிகை பில்லை இஎம்ஐ ஆக்கின கதை

போன ஜூலை மாசம் எங்க அக்கா பில்லைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டா: "லேப்டாப்புக்கு மாசம் நாலாயிரம்னுதானே சொன்ன? நோ காஸ்ட்னு வேற சொன்ன. இதுல ஏன்டா 4,335 வந்திருக்கு?"

நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் வரைக்கும் அரியர் இல்லாமல் தாண்டியவன். ஆனா அந்த 335 ரூபாய்க்குப் பதில் தெரியலை. "ஏதாவது டாக்ஸா இருக்கும்க்கா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அன்னைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தா, அடுத்த ஆறு மாசம் வேற மாதிரி போயிருக்கும். அந்தக் கணக்கைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லித் தரப்போறேன். ப்ளஸ் டூ கணக்குகூட வேண்டாம், வகுத்தல் தெரிஞ்சா போதும்.

எங்க ஊர் திமிரி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போற ரோட்டில் இருக்கிற பேரூராட்சி. காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தால், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போற பெண்கள் டிபன் பாக்ஸோடு வண்டிக்கு நிற்பதைப் பார்க்கலாம். எங்க அக்காவும் அதில் ஒருத்தி. சம்பளம் பேங்கில் ஏறுது, அந்த அக்கவுன்ட்டை வைத்து ஒரு கிரெடிட் கார்டும் கொடுத்தாங்க. வீட்டில் இருக்கிற ஒரே கார்டு அதுதான். என் லேப்டாப், அம்மாவுக்கு மருந்து, பெட்ரோல், மளிகை, எல்லாம் அதில்தான்.

முதலில் அந்த 335-ஐ முடிச்சிடுவோம்.

லேப்டாப் விலை 48,000. பன்னிரண்டு தவணை, மாசம் 4,000. பெருக்கினால் அதே 48,000 வருது, அப்ப வட்டி எங்கே? வட்டி இருக்கு. பேங்க் வருஷத்துக்கு 15 சதவீதம் போட்டிருந்தது. அந்த வட்டியில் மாசம் 4,000 வீதம் பன்னிரண்டு மாசம் கட்டினால், அடையும் அசல் 44,317 மட்டும்தான். மீதி 3,683 வட்டி. அந்த 3,683-ஐ விற்பவர் தள்ளுபடியாக முதலிலேயே கழிச்சிடுறார். அதனால் உங்க கண்ணுக்கு வட்டி தெரியாது. ஆனா ஜிஎஸ்டிக்குத் தெரியும். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. தள்ளுபடி கொடுத்த ஆள் அந்த வரியைத் தர மாட்டார், அது நம்ம தலையில்.

முதல் மாச வட்டி 554 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 100. பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி 36. ஆக 335. (டாக்ஸ்னு நான் உளறினது பாதிக்கு மேல் தப்பு, மீதி சரி.) அசல் குறையக் குறைய வட்டி குறையும், ஜிஎஸ்டியும் குறையும். கடைசி மாசம் ஜிஎஸ்டி வெறும் 9 ரூபாய். பன்னிரண்டு மாசத்துக்கும் சேர்த்து நாங்க கூடுதலாகக் கொடுப்பது 898 ரூபாய்.

இந்த விஷயம் ரிசர்வ் வங்கிக்குத் தெரியாதது இல்லை. 2013 செப்டம்பர் 17-லேயே ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. பூஜ்ஜிய சதவீத வட்டின்னு ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை பிராசஸிங் ஃபீஸுக்குள் ஒளிச்சு வசூல் பண்றாங்கன்னு அதில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாங்க. 2022 ஏப்ரல் 21-ல் வந்த கார்டு விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே: இஎம்ஐ ஆக மாற்றுவதற்கு முன்னாடியே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவுன்னு தனித்தனியாகக் காட்டணும், மாச பில்லிலும் காட்டணும். எங்க பில்லிலும் அது இருந்தது. பார்க்காதது நாங்கதான்.

ஷூ கம்பெனி கணக்கு

898 ரூபாய் அதிகமா, குறைவா? இங்கேதான் எங்க ஊர்க்காரங்க முறை எனக்குப் பிடிக்கும். அக்கா கம்பெனியில் மத்தியானம் சாப்பிடும்போது யாரும் "வருஷத்துக்கு எத்தனை சதவீதம்"னு பேச மாட்டாங்களாம். "ரெண்டு வட்டியா, மூணு வட்டியா, அஞ்சு வட்டியா?" அவ்ளோதான். நூறு ரூபாய்க்கு ஒரு மாசத்துக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் அளவுகோல். நகைக்கடன், தண்டல், கார்டு எதுவானாலும் இந்த ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் எதுவும் தப்பிக்க முடியாது.

எப்படிப் போடுறது? ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. 48,000 கடன் வாங்கினா, பன்னிரண்டு மாசமும் 48,000 உங்க கையில் இருக்காது. முதல் மாசம் 48,000, அடுத்த மாசம் 44,000, அப்புறம் 40,000, கடைசி மாசம் 4,000. இதையெல்லாம் கூட்டுங்க. 3,12,000 வரும். நீங்க கூடுதலாகக் கொடுத்த 898-ஐ அந்த 3,12,000-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்க. 0.29. அதாவது நூத்துக்கு மாசம் 29 காசு.

இது துல்லியமான முறை இல்லை. இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் எடுக்கிற சார் பார்த்தால், பிராசஸிங் ஃபீஸ் முதல் மாசமே போயிடுதே, அதுக்கான காலமதிப்பு எங்கேன்னு கேட்பார். நியாயம்தான். ஆனா கடையில் நின்னுக்கிட்டு, சேல்ஸ்மேன் முகத்தைப் பார்த்துக்கிட்டு முப்பது செகண்டில் போடுறதுக்கு இது போதும்.

29 காசு ரொம்ப மலிவு. நேர்மையா அதையும் சொல்லணும். கையில் காசு கொடுத்திருந்தா அந்தக் கடையில் 2,000 குறைச்சிருப்பாங்க, அதையும் செலவுக் கணக்கில் சேர்த்தால்கூட 97 காசுதான். ஒரு வட்டிக்கும் கீழே. நாலு வருஷம் உழைக்கிற பொருளை ஒரு வருஷத் தவணையில் வாங்கியது தப்பே இல்லை. இந்தக் கட்டுரையும் அதில்தான் டைப் ஆகுது.

தப்பு அதுக்கப்புறம் நடந்தது. அதைப் பண்ணியது நான்.

2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியப் பொருட்கள் மேல் அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆச்சு. டிவியில் அதை வெளியுறவுச் செய்தியாகப் பார்த்திருப்பீங்க. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் அது வீட்டுச் செய்தி. இங்கே தைக்கிற ஷூ கப்பல் ஏறிப் போறதுதான். அக்கா கம்பெனியில் வேலை போகலை, ஓவர்டைம் போச்சு. சம்பளத்தில் ஓவர்டைம் எவ்வளவு பெரிய பங்குன்னு அது நின்ன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. இஎம்ஐ மாசாமாசம் ஒரே தொகை. ஷூ கம்பெனி வருமானம் அப்படி இல்லை. இந்த ஒரு வரியை எந்த இஎம்ஐ விளம்பரத்திலும் போட மாட்டாங்க.

செப்டம்பரில் மளிகை 3,000 ரூபாய். கார்டில் தேய்ச்ச உடனே மெசேஜ் வந்தது: இதை 3 சுலபத் தவணையாக மாற்றலாம், மாசம் 1,025 மட்டுமே. அக்காவுக்கு பாரம் குறையுமேன்னு நான்தான் அவ ஃபோனில் அந்த லிங்க்கைத் தட்டினேன். ரெண்டு தட்டு, ஒரு ஓடிபி, முடிஞ்சது. பெருமையா இருந்தது வேற.

இப்ப அதே கணக்கைப் போடுங்க. மூணு மாச வட்டி 75 ரூபாய். அதுக்கு ஜிஎஸ்டி 14. பிராசஸிங் ஃபீஸ் ஜிஎஸ்டியோடு 235. மொத்தம் 324. கையில் இருந்த பணம்: முதல் மாசம் 3,000, அடுத்து 2,000, அடுத்து 1,000. கூட்டினால் 6,000. 324-ஐ 6,000-ஆல் வகுத்தால் 5.4.

நூத்துக்கு மாசம் அஞ்சு ரூபா நாற்பது காசு. அஞ்சு வட்டிக்கு மேல்! வருஷத்துக்கு 65 சதவீதம். அஞ்சு வட்டிக்குக் கொடுக்கிறவரை ஊரில் என்ன பேர் சொல்லிப் பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

வட்டி விகிதம் மாறவே இல்லை, கவனிச்சீங்களா? லேப்டாப்புக்கும் 15, மளிகைக்கும் 15. மாறியது ரெண்டு. ஒன்று, மளிகைக்கு வட்டியைத் தள்ளுபடியாகக் கழிக்க யாரும் இல்லை. ரெண்டாவதுதான் பெரியது: 199 ரூபாய் பிராசஸிங் ஃபீஸ் 48,000-க்கும் 199, 3,000-க்கும் 199. பெரிய தொகையில், நீண்ட மாசத்தில் அது கரைஞ்சு போயிடும். சின்னத் தொகையில், குறுகிய மாசத்தில் அதுவே வட்டியாக மாறிடும். அதனால் அன்றாடச் செலவுக்கு இஎம்ஐ போடும்போது "எத்தனை சதவீதம்?" என்கிற கேள்வியால் பிரயோஜனம் இல்லை. "மொத்தம் எவ்வளவு கூட?" என்பதுதான் கேள்வி.

ஆயாவிடமும் ஒரு கார்டு இருந்தது

தவணை ஒன்றும் நேத்து வந்த விஷயம் இல்லை. உலகத்தில் சிங்கர் கம்பெனி தையல் மெஷினைத் தவணைக்கு விற்க ஆரம்பிச்சது 1856-ல். தமிழ்நாட்டில் வாட்ச், ரேடியோ, ஃபேன் எல்லாம் சாதாரண வீடுகளுக்குள் வந்ததில் வி.ஜி. பன்னீர்தாஸ் கம்பெனியின் தவணை முறைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே விற்பனையாளராக இருந்த வசந்தகுமார்தான் 1978-ல் சென்னையில் வசந்த் அண்ட் கோ தொடங்கினார்.

எங்க ஆயா காலத்தில் திமிரிக்கு தவணைக்காரர் வருவார். டிவிஎஸ் 50 பின்னாடி பாத்திரம், புடவை, பிளாஸ்டிக் குடம். வாங்கினால் ஒரு அட்டை தருவார், கட்டம் கட்டமாக. வாராவாரம் வந்து காசு வாங்கிக்கிட்டு ஒரு கட்டத்தில் கையெழுத்து. அந்த அட்டை காலண்டர் ஆணியில் தொங்கும். அதுதான் எங்க வீட்டின் முதல் கார்டு.

அது மலிவுன்னு நினைச்சுடாதீங்க. உதாரணத்துக்கு, கடையில் 500 ரூபாய் பெறும் புடவையை வாரம் 50 வீதம் 12 வாரம் கட்டி வாங்கினால், மேலே சொன்ன முறைப்படி நூத்துக்கு மாசம் 13 ரூபாய் வருது. தண்டல் தெரியுமில்லையா? பத்தாயிரம்னு சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவது. அது நூத்துக்கு மாசம் பத்து ரூபா அறுபது காசு. (தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கு. சட்டம் இருக்கு, தண்டலும் இருக்கு.)

ஆனா தவணைக்காரரிடம் ஒரு குணம் உண்டு. குடத்துக்கான அட்டை முடியாமல் புடவைக்கு அட்டை தர மாட்டார். "அது முடியட்டும் தாயி, பாத்துக்கலாம்" என்பார். அவர் பணம் போயிடுமேங்கிற பயம்தான், அக்கறை எல்லாம் இல்லை. இருந்தாலும் அந்தப் பயம் ஆயாவுக்கு ஒரு தடுப்பாக இருந்தது. எங்க அக்கா கார்டில் அக்டோபர் மாசம் நாலு இஎம்ஐ ஒரே நேரத்தில் ஓடிக்கிட்டிருந்தது: லேப்டாப், செப்டம்பர் மளிகை, தீபாவளித் துணி, மறுபடியும் மளிகை. "அது முடியட்டும்"னு சொல்ல ஆளில்லை. அடுத்த லிங்க்தான் வந்தது.

மினிமம் டியூ

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

நாலு இஎம்ஐ சேர்ந்ததும் முழு பில்லைக் கட்ட முடியலை. பில்லில் "செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை"ன்னு ஒன்று இருக்கும். வழக்கமாக அது இந்த மாச இஎம்ஐ முழுசும், மீதி பாக்கியில் 5 சதவீதமும் சேர்ந்தது. அதைக் கட்டினால் அபராதம் வராது, பேங்கிலிருந்து ஃபோனும் வராது. அக்கா அதைக் கட்டிட்டு நிம்மதியா இருந்தா.

கட்டாத மீதிக்கு வட்டி மாசம் 3.5 சதவீதம். அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. இதைவிட மோசமான ஒன்று இருக்கு. முழுசா கட்டுற வரைக்கும், புதுசா தேய்க்கிற எதுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. நேத்து போட்ட பெட்ரோலுக்கு நேத்திலிருந்தே வட்டி. அதாவது இஎம்ஐ ஆக்காத செலவும் கடனாகிடும். லேப்டாப்பின் 29 காசுக் கடன், பெட்ரோலை 4 ரூபா 13 காசுக் கடனாக மாற்றியது இப்படித்தான்.

ஜனவரியில் அந்தப் பாக்கி, இஎம்ஐ போக, 30,000. இனி கார்டைத் தேய்க்கவே மாட்டோம், மாசாமாசம் 5 சதவீதம் மட்டும் கட்டுவோம்னு வச்சுக்குங்க. முதல் மாசம் 1,500 கட்டுறோம். மீதி 28,500-க்கு வட்டியும் ஜிஎஸ்டியும் 1,177. அடுத்த மாசப் பாக்கி 29,677. கட்டினது 1,500, குறைஞ்சது 323. இப்படியே பன்னிரண்டு மாசம் ஓட்டினால், கட்டியிருப்போம் கிட்டத்தட்ட 17,000. பாக்கி குறைஞ்சிருக்கும் கிட்டத்தட்ட 3,650. பொங்கல் லீவில் எக்செல்லில் இதைப் போட்டுட்டு, ஃபார்முலாவில் தப்பு இருக்கும்னு மூணு தடவை சரிபார்த்தேன். தப்பு இல்லை.

குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும்னு பில்லிலேயே எச்சரிக்கை போடணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. போட்டிருந்தாங்க, இங்கிலீஷில், பொடி எழுத்தில். இங்கிலீஷ் மீடியம் படிச்ச ஒரே ஆள் வீட்டில் நான்தான்.

இவ்வளவு வட்டி சட்டப்படி சரியான்னு கேட்பீங்க. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம்னு தீர்ப்பு சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அதனால் நீதிமன்றம் காப்பாத்தும்னு காத்திருக்க வேண்டாம்.

என்ன பண்ணினோம்

எல்லாக் கடனையும் ஒரு பேப்பரில் எழுதி, பக்கத்தில் நூத்துக்கு மாசம் எவ்ளோன்னு போட்டேன். லேப்டாப் 29 காசு. கார்டு பாக்கி 4 ரூபா 13 காசு. மளிகை இஎம்ஐ-களில் ஃபீஸ் ஏற்கனவே போயிடுச்சு, இனி முன்கூட்டி முடித்தால் அதுக்கும் ஒரு கட்டணம்; அதனால் அதை விட்டுட்டேன். லேப்டாப்பையும் தொடலை. முதலில் கொல்ல வேண்டியது 4 ரூபா 13 காசைத்தான். அதுக்கு அதைவிட மலிவான கடன் எங்கே கிடைக்கும்?

அம்மா கழுத்தில்.

சொல்றதுக்கு எனக்கு நாக்கு வரலை. அக்காதான் சொன்னா. அம்மா ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "பேங்க்லயா, சேட்டு கடையிலயா?"ன்னு மட்டும் கேட்டாங்க. பேங்க்லதாம்மா, வருஷத்துக்கு 10 சதவீதம், அதாவது நூத்துக்கு மாசம் 83 காசுன்னு சொன்னேன். "அப்ப ஒரு வட்டிகூட இல்லையே, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"ன்னாங்க. அஞ்சாவதோடு நின்னவங்க. நான் ஆறு மாசமா போடாத கணக்கை ஒரே வரியில் முடிச்சுட்டாங்க.

செயினை வைத்து 30,000 வாங்கி கார்டு பாக்கியை முழுசா அடைச்சோம். அதே முப்பதாயிரம் ஒரு வருஷம் முழுக்கக் குறையாமல் இருந்தால்கூட வட்டி 3,000. கார்டில் விட்டிருந்தால் வட்டியும் ஜிஎஸ்டியுமாக 13,000-க்கு மேல் போயிருக்கும். நீங்க இதே மாதிரி பண்ணினால் ஒன்று ஞாபகம் வச்சுக்குங்க: முழுசா கட்டின பிறகும் அடுத்த பில்லில் கொஞ்சம் வட்டி வரும். அது பில் போட்ட நாளிலிருந்து கட்டின நாள் வரைக்குமான வட்டி. ஏமாத்துறாங்கன்னு நினைக்காமல் அதையும் கட்டிடுங்க, இல்லைன்னா வட்டியில்லா நாட்கள் திரும்ப வராது. அப்புறம், கார்டு கையில் இருக்கிற வரைக்கும் மளிகைக்குத் தேய்க்கிறதில்லைன்னு முடிவு பண்ணி, அதை பீரோவில் செயின் இருந்த டப்பாவிலேயே போட்டுட்டோம்.

பிளேஸ்மென்ட் ஆன நண்பர்களுக்கு ஒரு சின்ன விஷயம். சேர்ற முதல் வாரத்திலேயே சம்பள அக்கவுன்ட்டும், கூடவே ஒரு கார்டும் நீட்டுவாங்க. நீங்க கேட்காமல் கார்டு தருவது விதிப்படி தப்பு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். வாங்கினால், 2025 ஜனவரியிலிருந்து பேங்குகள் உங்க கடன் விவரத்தை குறைஞ்சது பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது சிபில் மாதிரி நிறுவனங்களுக்கு அனுப்புது. கல்விக்கடன் வாங்கிப் படிச்சவங்க பேர் அங்கே ஏற்கனவே இருக்கு. கட்டவேண்டிய தேதி தாண்டி மூணு நாள் வரைக்கும் அபராதம் போடக்கூடாது என்கிற விதியும் உண்டு, ஆனா அந்த மூணு நாளைப் பழக்கமாக்கிக்காதீங்க.

மளிகை இஎம்ஐ ரெண்டும் முடிஞ்சது. செயின் இன்னும் பேங்கில்தான் இருக்கு, மாசம் 2,500 கட்டிக்கிட்டு வர்றோம். லேப்டாப்புக்குக் கடைசித் தவணை ஜூன் மாசம். அந்த பில்லில் 4,009 வரணும். வந்ததும் அக்காதான் முதலில் பார்ப்பேன்னு சொல்லியிருக்கா.